ஐம்பது ஆண்டுகள் தாமதமாக வந்த பெயர்

1960களின் பிரிட்டனில் சனிக்கிழமை மாலை சில வீடுகளில் விசித்திரமான ஒரு காட்சி அரங்கேறும். தொலைக்காட்சிப் பெட்டியின் ஒலிபெருக்கி முன்னால் சிறுவன் ஒருவன் மைக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பக்கத்தில் ஒலிநாடாப் பதிவுக் கருவி சுழன்றுகொண்டிருக்கும். அடுத்த அரை மணி நேரம் யாரும் பேசக் கூடாது, இருமக் கூடாது என்று வீட்டாருக்குக் கட்டளை. ‘டாக்டர் ஹூ’ என்ற அறிவியல் புனைகதைத் தொடரின் ஒலியை அவன் பதிவு செய்கிறான். படத்தைப் பதிவு செய்ய அன்று வீடுகளில் வழி கிடையாது. ஒலியாவது மிஞ்சட்டும் என்பது அவன் ஆசை.

அந்த ஆசை வீண்போகவில்லை. நாடா விலை அதிகம், வைத்துக்கொள்ள இடமில்லை, மறு ஒளிபரப்புக்குத் தேவைப்படாது என்ற கணக்கில் பழைய அத்தியாயங்களை பிபிசி அழித்துவிட்டது. முதல் ஆறு ஆண்டுகளில் ஒளிபரப்பான 253 அத்தியாயங்களில் ஏறக்குறைய நூறின் படச்சுருள்கள் காணாமற்போயின. ஆனால், எல்லா அத்தியாயங்களின் ஒலியும் இன்று இருக்கிறது. காரணம், மைக் பிடித்த அந்த ரசிகர்கள். இடையிடையே கதை சொல்லும் குரல் சேர்க்கப்பட்டு, அந்தப் பதிவுகள் ஒலி நாடகங்களாக விற்பனைக்கு வந்தன. அழித்த நிறுவனமே அவற்றை வெளியிட்டது.

அந்தப் பதிவுகள் எல்லாவற்றிலும் முதலில் கேட்பது ஒரே இசைதான். குதிரைக் குளம்பொலியைப் போல அடியில் துள்ளும் ஒரு தாளம், மேலே மனிதக் குரலா காற்றா என்று பிரித்தறிய முடியாத ஓர் ஊளை. எந்த வாத்தியத்தில் வாசித்தார்கள் என்று யாருக்கும் புரியவில்லை. எந்த வாத்தியக் கலைஞரும் அதை வாசிக்கவே இல்லை என்பதுதான் உண்மை. லண்டனில் ஓர் அறைக்குள் கத்தரித்து ஒட்டிய நாடாத் துண்டுகளிலிருந்து அதை உருவாக்கியவர் 26 வயதுப் பெண். பெயர் டீலியா டார்பிஷயர். அந்தப் பெயரைத் திரையில் போட ஐம்பது ஆண்டுகள் ஆயின.

டீலியா 1937 மே 5 அன்று கோவென்ட்ரி நகரில் பிறந்தார். தந்தை தகடு வேலை செய்யும் தொழிலாளி. 1940 நவம்பர் 14 இரவு ஜெர்மானிய விமானங்கள் அந்த நகரைச் சுட்டெரித்தபோது டீலியாவுக்கு மூன்று வயது. விமானத் தாக்குதலுக்கு எச்சரிக்கை விடுத்த சங்கொலியும், ஆபத்து நீங்கியதாக அறிவித்த சங்கொலியும்தாம் தன்னுடைய முதல் இசைப் பாடம் என்று பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்தார். எங்கிருந்து வருகிறது, எது எழுப்புகிறது என்று தெரியாத ஒலி அது. பிறகு குழந்தையைப் பிரெஸ்டன் நகருக்கு அனுப்பிவைத்தார்கள். அங்கே விடியற்காலையில் ஆலைக்குச் செல்லும் தொழிலாளர்களின் மரக்கட்டைச் செருப்புகள் கல் பாவிய தெருவில் எழுப்பிய ஓசையும் அவர் மனதில் தங்கிவிட்டது. அச்சத்தை ஒலியாகவே முதலில் அறிந்த குழந்தை அவர். டாக்டர் ஹூ இசையைக் கேட்டுச் சோபாவின் பின்னால் ஒளிந்துகொண்ட ஒரு தலைமுறைப் பிரிட்டன் குழந்தைகளின் அனுபவத்துக்கு வேர் அங்கே இருக்கிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

கணிதத்தில் கெட்டிக்காரர். உழைக்கும் வர்க்கக் குடும்பத்துப் பெண் கேம்பிரிட்ஜில் கணிதம் படிக்கப் போவது 1950களில் அபூர்வம். கிர்டன் கல்லூரியில் உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. ஓராண்டுக்குப் பின் இசைக்கு மாறினார். இரண்டையும் விட்டுவிடாமல் 1959இல் பட்டம் பெற்றார். ஒலிப்பதிவு உலகில் பெரிய பெயரான டெக்கா நிறுவனத்தில் வேலை கேட்டபோது, ஒலிப்பதிவுக்கூடத்தில் பெண்களை அமர்த்துவதில்லை என்று பதில் வந்தது. ஜெனீவாவுக்குப் போய் அரசுத் தூதர்களின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார், ஐ.நா. அமைப்புகளில் சில மாதங்கள் வேலை பார்த்தார். ஊர் திரும்பி ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியரானார். 1960 இறுதியில் பிபிசியில் பயிற்சி உதவியாளராகச் சேர்ந்தார். அங்கே ‘ரேடியோபோனிக் ஒர்க்‌ஷாப்’ என்றொரு பிரிவு இருப்பதைக் கேள்விப்பட்டு, தாமாகவே கேட்டு 1962இல் அங்கு மாறினார். கேட்டுப் பெறும் இடமாக அதை யாரும் கருதாத காலம் அது.

அந்தப் பட்டறை பிறந்ததே வானொலி நாடகத்துக்காகத்தான். சாமுவேல் பெக்கெட் 1957இல் பிபிசி வானொலிக்கு எழுதிய ‘ஆல் தட் ஃபால்’ போன்ற நாடகங்களுக்கு வழக்கமான கதவுச் சத்தமும் குதிரைச் சத்தமும் போதவில்லை. மனதுக்குள் நிகழ்வதை ஒலியாக்க வேண்டியிருந்தது. டாஃப்னி ஓரம் என்ற பெண்மணியும் டெஸ்மண்ட் பிரிஸ்கோவும் விடாமல் வற்புறுத்தியதன் பலனாக 1958இல் லண்டன் மைடா வேல் கட்டடத்தில் சில அறைகள் ஒதுக்கப்பட்டன. முன்னாளில் சக்கரச் சறுக்கு அரங்கமாக இருந்த கட்டடம் அது. பிற பிரிவுகள் கழித்துப்போட்ட கருவிகள், அளவை சோதிக்கப் பயன்படும் அலையியற்றிகள், சில நாடா இயந்திரங்கள் என்பவையே மூலதனம். ஓரம் ஓராண்டுக்குள் விலகிவிட்டார்.

ஒரு விநோதமான நிபந்தனையும் அங்கே இருந்தது. பட்டறையில் இருப்பவர்களை இசையமைப்பாளர் என்று அழைக்கக் கூடாது. அவர்கள் செய்வது இசை அல்ல, ‘சிறப்பு ஒலி’. அவர்கள் உதவியாளர்கள், தொழில்நுட்பப் பணியாளர்கள். ஒலிபரப்பில் சொல்வதென்றால் பட்டறையின் பெயரை மட்டும் சொல்லலாம்.

1963 கோடையில் இந்த அறைக்கு ஒரு தாள் வந்தது. வரவிருக்கும் ‘டாக்டர் ஹூ’ தொடருக்கு ரான் கிரெய்னர் எழுதிய முகப்பு இசை. ஆஸ்திரேலியரான கிரெய்னர் தொலைக்காட்சித் தொடர்களுக்கு இசையமைத்துப் புகழ்பெற்றவர். ஒரு பக்கத்துக்குள் அடங்கும் சுரங்கள். ஓரத்தில் காற்று, மேகம், குமிழி என்பது போன்ற சொற்கள். அதைக் கொடுத்துவிட்டு அவர் விடுமுறைக்குப் போய்விட்டார்.

இன்று கணினியில் சில நிமிடங்களில் முடியும் வேலை, அன்று எப்படி நடந்தது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒரு கம்பியைச் சுண்டி அந்த ஒலியைப் பதிவு செய்தார் டீலியா. நாடாவை வேகமாக ஓட்டினால் சுருதி ஏறும், மெதுவாக ஓட்டினால் இறங்கும். இப்படி ஒரே சுண்டலிலிருந்து தேவையான சுரங்களையெல்லாம் எடுத்தார். நாடா நொடிக்கு 15 அங்குல வேகத்தில் ஓடினால், அரை நொடி நீளும் ஒரு சுரத்துக்கு ஏழரை அங்குல நாடா வேண்டும். அளவுகோல் வைத்து அளந்து, சவரக் கத்தியால் வெட்டி, ஒவ்வொரு துண்டாக ஒட்டினார். துள்ளித் துள்ளி வரும் அந்தத் தாளம் முழுவதும் இப்படி ஒட்டுப்போட்டதுதான். மேலே வரும் மெட்டுக்கு அலையியற்றியின் திருகைக் கையால் திருப்பினார். காற்றுக்கும் மேகத்துக்கும் வெறும் இரைச்சலை எடுத்து வடிகட்டினார்.

பல்தடப் பதிவு இயந்திரம் அங்கே கிடையாது. தாளம் ஒரு நாடாவில், மெட்டு இன்னொன்றில், இரைச்சல் வேறொன்றில் இருந்தன. எல்லா இயந்திரங்களையும் ஒரே கணத்தில் இயக்கி ஒன்றாகக் கலக்க வேண்டும். ஒரு கட்டத்தில் எங்கோ ஒரு சுரம் பிசகியது. எங்கே என்று காது சொல்லவில்லை. டீலியாவும் உதவியாளர் டிக் மில்ஸும் நாடாக்களைக் கட்டடத்தின் நீண்ட தாழ்வாரத்தில் அருகருகே விரித்துப் போட்டு, ஒட்டுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுக்கொண்டே நடந்தார்கள். நேர்க்கோட்டில் பொருந்தாத ஓர் ஒட்டு அகப்பட்டது. தையற்காரர் துணியில் பிசகைக் கண்டுபிடிப்பது போலத்தான் அந்த இசையின் பிழை திருத்தப்பட்டது.

திரும்பி வந்து கேட்ட கிரெய்னர் வியந்து, இதை நானா எழுதினேன் என்று கேட்டதாகவும், பெரும்பகுதி உங்களுடையதுதான் என்று டீலியா பதிலளித்ததாகவும் ஒரு கதை உண்டு. கிரெய்னரின் பெருந்தன்மையைச் சொல்லாமல் விடக் கூடாது. உருவாக்கியவர் என்ற இடத்திலும் வருமானத்திலும் டீலியாவுக்குப் பங்கு தர அவர் முயன்றார். நிறுவனத்தின் விதி இடம் தரவில்லை. 1963 நவம்பர் 23, கென்னடி சுடப்பட்ட மறுநாள், தொடர் தொடங்கியது. திரையில் வந்தவை கிரெய்னர் பெயரும் பட்டறையின் பெயரும்தான். தொடரின் தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட்டும் இளம்பெண்தான். அவர் பெயர் திரையில் வந்தது. பெண் என்பதால் மட்டும் டீலியாவின் பெயர் விடுபடவில்லை. அந்த அறையில் வேலை செய்த ஆண்களுக்கும் அதே விதிதான். ஆனால், பெண் என்பதற்காக ஒரு வாசல் மூடப்பட்டதால்தான் அவர் இந்த வாசலுக்கு வந்தார் என்பதையும் மறக்க முடியாது.

டாக்டர் ஹூவோடு அவரை முடித்துவிடுவது ரசிகர்கள் செய்யும் தவறு. அவருடைய ஆகச் சிறந்த வேலை வானொலியில் இருக்கிறது என்பேன். 1964இல் பேரி பெர்மாஞ்ச் என்ற நாடக ஆசிரியரோடு சேர்ந்து ‘த ட்ரீம்ஸ்’ என்ற ஒலிப் படைப்பை உருவாக்கினார். சாதாரண மனிதர்கள் தங்கள் கனவுகளை விவரிக்கும் குரல்கள்: ஓடுவது, விழுவது, நீருக்கடியில் இருப்பது, நிறங்கள். அந்தக் குரல்களை வெட்டி, அடுக்கி, திரும்பத் திரும்ப வரவைத்து, அடியில் மின்னொலிகளைப் படரவிட்டார்கள். நாடகம் என்றும் சொல்ல முடியாது, இசை என்றும் சொல்ல முடியாது. இரவில் விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டால் இன்றைக்கும் உடல் சிலிர்க்கிறது. தொடர்ந்து இதே வரிசையில் கடவுள், மறுமை, முதுமை பற்றிய படைப்புகளும் வந்தன.

சகாராவின் துவாரெக் மக்களைப் பற்றிய ஆவணப்படத்துக்கு 1968இல் அமைத்த இசைக்கு அவர் நாடியது ஒரு பச்சை நிற உலோக விளக்குக் கவிகையை. அதைத் தட்டினால் மணிபோல் ஒலிக்கும். தட்டும் கணத்தின் ஓசையை வெட்டி எறிந்துவிட்டு, எஞ்சிய ரீங்காரத்தை மட்டும் எடுத்து, அதன் உள்ளடங்கிய அதிர்வெண்களைக் கணக்கிட்டு அலையியற்றிகளால் மறுபடி கட்டினார். கேட்பவருக்கு அடி இல்லாத மணியோசை மட்டும் வரும், கானல் நீர் போல. ஒட்டகங்களின் நடைக்குத் தம் குரலையே வெட்டிச் சேர்த்தார். மடக்கை அட்டவணைப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இசையமைத்தவர் அவராகத்தான் இருக்க வேண்டும். ஐசக் அசிமோவ் கதையைத் தழுவி 1967இல் வந்த தொலைக்காட்சி நாடகத்தில் இயந்திர மனிதர்கள் பாடும் துதிப்பாடலை, மனிதக் குரலைப் பின்னோக்கி ஓட்டி உருவாக்கினார். இயந்திரங்களின் பக்தி எப்படி ஒலிக்கும் என்று யோசித்த முதல் சிலரில் அவர் ஒருவர்.

இதே காலத்தில் லண்டன் பாப் இசையின் தலைநகரமாக இருந்தது. பகலில் பிபிசி, இரவில் வேறு உலகம். 1966இல் சக பணியாளர் பிரையன் ஹாட்சன், கருவி வடிவமைப்பாளர் பீட்டர் ஸினோவியெஃப் ஆகியோருடன் ‘யூனிட் டெல்டா பிளஸ்’ என்ற குழுவைத் தொடங்கினார். பால் மெக்கார்ட்னி இவர்களைத் தேடி வந்தார். 1967 தொடக்கத்தில் லண்டன் ரவுண்ட்ஹவுஸ் அரங்கில் நடந்த ஒளி-ஒலி விழாவில் இவர்களுடைய இசையும், பீட்டில்ஸ் குழு அதற்கென்றே பதிவு செய்த ஒரு நீண்ட சோதனைப் படைப்பும் ஒலித்தன. அந்தப் பீட்டில்ஸ் படைப்பு இன்றுவரை வெளியாகவில்லை. ரசிகர்கள் அதைக் கேட்கத் தவம் கிடக்கிறார்கள். 1969இல் டேவிட் வோர்ஹாஸுடன் சேர்ந்து ‘ஒயிட் நாய்ஸ்’ என்ற பெயரில் ‘ஆன் எலெக்ட்ரிக் ஸ்டார்ம்’ இசைத்தட்டு வெளிவந்தது. அன்று அதிகம் விற்கவில்லை. பின்னால் வந்த மின்னிசைக் கலைஞர்கள் அதைத் தேடித் தேடி வாங்கினார்கள்.

அதே ஆண்டு ஓர் இசை நூலகத்துக்காக அவர் சில துணுக்குகள் செய்தார். பிபிசி ஊழியர் என்பதால் புனைபெயர் தேவைப்பட்டது. தம் பெயரின் எழுத்துகளைக் கலைத்து, செம்பட்டை முடியையும் குறிப்பால் உணர்த்தி, ‘லி டி லா ரூஸ்’ என்று வைத்துக்கொண்டார். போட்டித் தொலைக்காட்சியின் சிறுவர் அறிவியல் புனைகதைத் தொடர்களில் அந்தத் துணுக்குகள் பயன்பட்டன. ஒரு பக்கம் பெயரில்லாமலும் மறுபக்கம் பொய்ப் பெயரிலும் ஒரு தலைமுறையின் காதுகளை நிறைத்தவர் ஒருவரே.

1970களில் பட்டறைக்குப் பெரிய சிந்தசைசர் வந்துசேர்ந்தது. விசையை அழுத்தினால் ஒலி வந்துவிடும். வேலை வேகமானது, கேட்பவர்களின் எதிர்பார்ப்பும் வேகமானது. டீலியாவுக்கு இது ஒத்துவரவில்லை. ஒலியின் உள்ளே கைவிட்டு அதைத் திருகிப் பழகியவர் அவர். டாக்டர் ஹூ இசையையே அந்தப் புது இயந்திரத்தில் மறுபடி செய்து பார்க்க 1972இல் ஒரு முயற்சி நடந்தது. யாருக்கும் பிடிக்கவில்லை, கைவிட்டார்கள். மறு ஆண்டு அவர் பிபிசியை விட்டு விலகினார். அப்போது வயது 36.

அதன்பின் கதை சட்டென்று இருட்டிவிடுகிறது. வடக்கே எரிவாயுக் குழாய் பதிக்கும் இடத்தில் வானொலித் தொடர்பாளர் வேலை. சீன ஓவியர் லி யுவான்-சியாவின் கலைக்கூடத்தில் உதவியாளர். ஒரு புத்தகக் கடை. மது அவரை விடவில்லை. 1980இல் நார்த்தாம்ப்டன் நகரில் குடியேறினார். அதே ஆண்டு டாக்டர் ஹூ தொடர் அவருடைய இசையை மாற்றி, பீட்டர் ஹோவல் செய்த புதிய வடிவத்தைப் பயன்படுத்தத் தொடங்கியது. அக்கம்பக்கத்தில் யார் கேட்டிருந்தாலும், இந்தப் பெண்மணிக்கும் தொலைக்காட்சிக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் கேட்டிருப்பார்கள்.

ஆனால், மைக் பிடித்த சிறுவர்கள் இதற்குள் வளர்ந்திருந்தார்கள். சிலர் இசைக் கலைஞர்கள் ஆனார்கள். 1988இல் ‘டைம்லார்ட்ஸ்’ என்ற பெயரில் இருவர் அந்த மெட்டை ஒரு கேளிக்கைப் பாட்டாக்கி பிரிட்டன் தரவரிசையில் முதலிடம் பிடித்தார்கள். ஆர்பிட்டல் என்ற மின்னிசைக் குழு அதைத் தன் மேடைகளில் வாசித்தது. ரசிகர் வட்டங்கள் பழைய ஒலிகளைத் தொகுத்து, எது யாருடைய கை வேலை என்று ஆராய்ந்தன. நிறுவனத்தின் ஏடுகள் சொல்லாத பெயரை அவர்கள் சொல்லத் தொடங்கினார்கள். 1990களின் இறுதியில் சோனிக் பூம் என்ற பெயரில் இயங்கும் இசைக்கலைஞர் பீட்டர் கெம்பர் டீலியாவைத் தேடிப் பிடித்தார். மணிக்கணக்கில் தொலைபேசியில் பேசினார்கள். ஒலியின் மீது அவருக்கு மறுபடி ஆசை பிறந்தது. புதிதாக வேலை செய்யவும் தொடங்கினார். காலம்தான் இல்லை. புற்றுநோயிலிருந்து மீண்டுவந்த நிலையில் சிறுநீரகம் செயலிழந்து, 2001 ஜூலை 3 அன்று 64 வயதில் காலமானார். அடுத்த ஆண்டு பிபிசி வானொலி அவரைப் பற்றி ஒரு நாடகம் ஒலிபரப்பியது. நாடகத்துக்கு ஒலி செய்தவர் நாடகப் பாத்திரமானார்.

வீட்டின் பரணில் 267 நாடாக்கள் இருந்தன. பல, காலை உணவு தானியப் பெட்டிகளுக்குள் திணிக்கப்பட்டிருந்தன. அவை மார்க் அயர்ஸின் கைக்குப் போய்ச் சேர்ந்தன. இந்த மனிதரைப் பற்றி ஒரு சொல். டாக்டர் ஹூ ரசிகராக இருந்து, 1980களின் கடைசியில் அதே தொடருக்கு இசையமைத்தவர். 1998இல் பட்டறை மூடப்பட்டபோது அதன் நாடாக்களை வகைப்படுத்தியவர். வீடுகளில் பதிவான அந்தப் பழைய அத்தியாயங்களின் ஒலியைச் சுத்தம் செய்து மீட்டவரும் அவரே. டீலியாவின் நாடாக்கள் அவர் மூலம் 2007இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்துக்குச் சென்று கணினிப் பதிவாக மாற்றப்பட்டன. மறு ஆண்டு அவற்றில் சில பகுதிகள் செய்தியாயின. 1960களின் இறுதியில் பதிவான ஒரு துண்டைக் கேட்ட ஆர்பிட்டல் குழுவின் பால் ஹார்ட்னால், இதை அந்த வாரமே வெளியிட்டிருந்தாலும் பழையது என்று யாரும் நினைக்கமாட்டார்கள் என்ற பொருளில் கருத்துச் சொன்னார்.

பழம்பாட்டு வெறியர்களையும் பழைய தொடர்களின் ரசிகர்களையும் நாம் கேலியாகத்தான் பார்க்கிறோம். பிழைக்கத் தெரியாதவர்கள், இளமையை விட்டு வெளியே வராதவர்கள் என்று. இந்தக் கேலி முழுக்கப் பொய்யுமல்ல. அன்பு மிகுந்தால் உண்மையும் வளையும். ஆண்கள் உலகம் நசுக்கிய தனிப் பெரும் மேதை என்ற சித்திரத்தை ரசிகர்கள் உருவாக்கி, சுவரொட்டிகளில் ஒட்டிவிட்டார்கள். கிரெய்னரின் மெட்டு, டிக் மில்ஸின் உழைப்பு, பெக்கெட் நாடகத்திலிருந்து தொடங்கிய ஒரு கூட்டுத் தேடல் எல்லாம் அந்தச் சித்திரத்தில் மங்கிப்போகின்றன. மது, தயக்கம், வேலையை முடிக்காமல் இழுத்தடிக்கும் பழக்கம் ஆகியவையும் அவரிடம் இருந்தன. ஆயினும் கணக்குப் பார்த்தால் ஒன்று தெளிவு. பாதுகாக்க வேண்டிய கடமை இருந்தவர்கள் அழித்தார்கள், மறைத்தார்கள். எந்தக் கடமையும் இல்லாதவர்கள் மைக்கைப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தார்கள்.

2013 நவம்பர் 23. தொடரின் ஐம்பதாம் ஆண்டுச் சிறப்பு அத்தியாயம் ஒளிபரப்பானது. முடிவில் பெயர்கள் ஓடத் தொடங்கியதும் பெரும்பாலான வீடுகளில் எழுந்து போயிருப்பார்கள். சிலர் மட்டும் காத்திருந்தார்கள். ரான் கிரெய்னர் பெயரோடு டீலியா டார்பிஷயர் என்ற பெயரும் வந்தது. சில நொடிகள் நின்றது. பிறகு மேலே நகர்ந்து போய்விட்டது.